தெரியாத விடைகளின் திங்கட்கிழமை

சென்ற திங்கட்கிழமை மாலை ஏழரை மணிக்கு பிபிசி டூ அலைவரிசையைப் போட்டுவிட்டு, ஒன்பது மணி வரை அதை மாற்றாமல் பார்த்தேன். மாஸ்டர்மைண்ட், ஒன்லி கனெக்ட், யுனிவர்சிட்டி சேலஞ்ச் என்ற மூன்று வினாடி வினா நிகழ்ச்சிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம், நடுவில் விளம்பரம் எதுவும் குறுக்கிடாமல் அடுத்தடுத்து ஒளிபரப்பாயின. ஆண்டின் பெரும்பகுதியில் பிரிட்டனின் திங்கட்கிழமை மாலை இப்படித்தான் அமைகிறது. இங்கே வாழ்பவர்களில் பலருக்கு இது வார ஒழுங்கின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. ஆயினும் இந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித் தமிழில் விரிவாக எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்து வருகிறது. பார்வையாளருக்கு விடை தெரியாது என்பதைக் குறையாகக் கருதாமல், அந்தத் தெரியாமையை மதித்து நடத்தப்படும் தொலைக்காட்சி மிக அரிது. இம்மூன்றும் அத்தகையவை. அவை எப்படி அவ்வாறு அமைந்தன, எதனால் இன்னும் நீடிக்கின்றன, இனி அவற்றைப் போன்றவை பிறக்க இடம் இருக்கிறதா என்பதைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

முதலில் மாஸ்டர்மைண்ட். இருண்ட அரங்கு, நடுவே ஒரு கறுப்பு நாற்காலி, அதன்மீது விழும் ஒளி, எதிரே கேள்வித்தாளுடன் அமர்ந்திருக்கும் நெறியாளர் ஆகியவற்றுக்கு அப்பால் அங்கே எதுவும் இல்லை. 1972இல் இந்நிகழ்ச்சியை உருவாக்கிய பில் ரைட், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்படையில் பணியாற்றிப் போர்க்கைதியாகச் சிக்கி, ஜெர்மனியின் கெஸ்டாப்போ காவலர்களால் விசாரிக்கப்பட்டவர். பிடிபட்ட வீரர் தம் பெயர், பதவி, எண் ஆகியவற்றை மட்டுமே சொல்ல வேண்டும் என்ற போர்க்கால நெறி, போட்டியாளரிடம் பெயர், தொழில், தேர்ந்தெடுத்த துறை ஆகியவற்றைக் கேட்கும் முறையாக இந்நிகழ்ச்சிக்குள் வந்து சேர்ந்தது. நீல் ரிச்சர்ட்சன் அமைத்த முகப்பிசைக்கு 'அப்ரோச்சிங் மெனஸ்' என்று பெயர். ஆபத்து ஒன்று அடிமேல் அடிவைத்து நெருங்குவதை அந்த இசையைக் கேட்கும் எவரும் உணர்வார்கள். தாம் அடைந்த மிகக் கொடிய அனுபவத்தின் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் உள்ளடக்கத்தை முற்றிலும் மாற்றிய அந்த மனிதரின் செயலை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த விசாரணை அறையில் மறைப்பதற்காக அமர்ந்திருந்தவருக்கு மாறாக, இந்த நாற்காலியில் அமர்பவர் தாம் விரும்பிக் கற்றதையெல்லாம் சொல்வதற்காகவே வந்து அமர்கிறார்.

சென்ற திங்களன்று அந்த நாற்காலியில் அமர்ந்தவர்களில் ஒருவருடைய துறையைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதியின் பொருள்கூட எனக்கு விளங்கவில்லை. இருந்தும் கண்ணை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கேமரா மெல்ல மெல்ல அவருடைய முகத்தை நெருங்குகிறது. கேள்வி முடியும் முன்பே அவருடைய உதடுகள் விடைக்குத் தயாராகின்றன. ஒரு தேதியோ ஓர் ஊர்ப்பெயரோ தவறிப்போகும்போது, நெருங்கிய உறவினர் ஒருவரின் பெயரை மறந்துவிட்டவர் படும் வேதனை அந்த முகத்தில் தெரிகிறது. ஒரு பொருளைப் பல ஆண்டுகள் நேசித்துக் கற்றவர் எப்படி இருப்பார் என்பதை இவ்வளவு அருகிலிருந்து வேறு எந்த நிகழ்ச்சியிலும் நான் கண்டதில்லை. அந்தத் துறையை எனக்கு விளக்கிச் சொல்ல யாரும் முயலவில்லை. படம் இல்லை, பின்னணிக் குரல் இல்லை, போட்டியாளரின் குடும்பத்தைப் பற்றிய உருக்கமான முன்கதை இல்லை. எனக்குப் புரியாவிட்டாலும் நான் எழுந்து போய்விட மாட்டேன் என்று நிகழ்ச்சியை அமைத்தவர்கள் நம்புகிறார்கள். என்மீது வைக்கப்படும் அந்த நம்பிக்கையைப் பெரிய மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே வென்றவர்களின் வரலாறும் சொல்லத் தக்கது. முதல் மூன்று ஆண்டுகளிலும் பெண்களே வென்றார்கள். 1980இல் லண்டன் டாக்சி ஓட்டுநரான ஃப்ரெட் ஹவுஸ்கோ வென்றார். 1983இல் லண்டன் பாதாள ரயில் ஓட்டுநரான கிறிஸ்டோஃபர் ஹியூஸ் வென்றார். அறிவு என்பது பட்டத்தையோ பதவியையோ ஒட்டி வருவது என்று நம்பிய ஒரு சமூகத்துக்கு, ரயிலை ஓட்டிவிட்டு வீடு திரும்பி நூல்களில் மூழ்கும் மனிதரை இந்த நாற்காலி காட்டியது. பெயருக்குப் பின் தொழிலைச் சொல்ல வேண்டும் என்ற அந்தச் சிறிய விதியால்தான் இது நிகழ்ந்தது. இன்றும் ஒருவர் தம் பெயரைச் சொல்லி, 'ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்' என்றோ 'செவிலியர்' என்றோ சொல்லிவிட்டு, தம் தொழிலோடு சற்றும் தொடர்பில்லாத ஒரு துறையைச் சொல்லும்போது, ஒரு மனிதரின் முழு அளவும் ஒரு கணம் கண்முன் நிற்கிறது.

நெறியாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த மாக்னஸ் மாக்னஸன் 1972 முதல் 1997 வரை இதை நடத்தினார். கேள்வியின் நடுவே நேரம் முடிந்துவிட்டால் 'தொடங்கிவிட்டேன், ஆகவே முடித்துவிடுகிறேன்' என்று அவர் சொன்ன வாக்கியம் இந்நாட்டின் பேச்சு வழக்கிலேயே கலந்துவிட்டது. 2021 முதல் நடத்திவரும் கிளைவ் மைரி, பல நாடுகளிலிருந்து செய்தி வழங்கிய, 2022இல் உக்ரைன் போர் தொடங்கிய நாட்களில் கீவ் நகரிலிருந்து பேசிய செய்தியாளர். அவருடைய குரலில் அவசரம் இல்லை, கடுமையும் இல்லை. போட்டியாளர் 'பாஸ்' என்று விட்டுச்சென்ற கேள்விகளின் விடைகளைச் சுற்று முடிந்ததும் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லும் வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. தெரியாது என்று ஒப்புக்கொண்டவருக்கு விடையைக் கொடுத்தனுப்புவது ஒரு நல்ல ஆசிரியரின் பண்பு.

இந்நிகழ்ச்சியின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. புகழ்பெற்றவர்களை அழைத்து நடத்தும் சிறப்புப் பதிப்புகளில் பொது அறிவுக் கேள்விகள் எளிதாக இருக்கின்றன; பேச்சும் சிரிப்பும் கூடுகின்றன. அறக்கொடைக்காகவே நடத்தப்படுகின்றன என்பதால் அவற்றின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யாரென்றே நமக்குத் தெரியாத ஒருவர் அந்த ஒளியில் வந்து அமர்வதில்தான் இந்த வடிவத்தின் வலிமை இருக்கிறது. தெரிந்த முகம் அமர்ந்தவுடன் நாம் அறிவைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். மற்றபடி, அண்மைக் காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களையும் திரைப்படங்களையும் துறைகளாகத் தேர்ந்தெடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள் என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடு இல்லை. எதைக் கற்றார் என்பதைவிட எவ்வளவு ஆழமாகக் கற்றார் என்பதே அந்த நாற்காலிக்குப் பொருட்டு.

இந்தியாவில் 1990களின் இறுதியில் பிபிசி வேர்ல்ட் அலைவரிசை வழியாக மாஸ்டர்மைண்ட் இந்தியாவைப் பார்த்தவர்கள் என் வயதினரில் பலர் இருப்பார்கள். சித்தார்த்த பாசு நடத்திய அந்த நிகழ்ச்சியே இந்தக் கறுப்பு நாற்காலியை நமக்கு அறிமுகம் செய்தது. அடுத்த சில ஆண்டுகளுக்குள், 1998இல் பிரிட்டனின் தனியார் அலைவரிசையான ஐடிவியில் தொடங்கிய 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியின் வடிவம் இந்தியாவுக்கு வந்து, முதலில் இந்தியிலும் பின்னர் விஜய் தொலைக்காட்சியில் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்ற பெயரில் தமிழிலும் வேரூன்றியது. வினாடி வினா என்றவுடன் நம்மில் பெரும்பாலானோரின் நினைவுக்கு இன்று வருவது அந்த வடிவமே. அதில் கேள்விகள் குறைவு, காத்திருப்பு மிகுதி. நான்கு விடைகள் திரையில் தோன்றுகின்றன, இசை இறுகுகிறது, நெறியாளர் 'உறுதியாகச் சொல்கிறீர்களா' என்று கேட்கிறார், பணத்தின் அளவு உயர்கிறது, ஒரு விடைக்கும் அடுத்த விடைக்கும் இடையே குடும்பக் கதை ஒன்று வந்து போகிறது. அந்த நிகழ்ச்சியில் உயிரோட்டமாக இருப்பது பணம் ஒரு குடும்பத்தின் வாழ்வை மாற்றக்கூடும் என்ற பதற்றம். அதை நான் இழிவாகக் கருதவில்லை. ஒரு வீட்டின் கடன் ஓர் இரவில் தீர்வதைப் பார்ப்பதில் மகிழ்ச்சி கொள்ளாதவர் யார்?

ஆனால் திங்கட்கிழமையின் மூன்று நிகழ்ச்சிகளிலும் பணம் இல்லை. மாஸ்டர்மைண்டில் வெல்பவருக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம் கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் ஒரு கோப்பை. பணம் விலகியவுடன் நேரத்தின் பயன் மாறிவிடுகிறது. பதற்றத்தை நீட்ட வேண்டிய தேவை இல்லாததால் அரை மணி நேரத்துக்குள் எண்ணற்ற கேள்விகள் அடங்குகின்றன. ஒரு கேள்வியில் நான் தோற்றுப்போனதை நினைத்து வருந்துவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. பார்ப்பவரின் அறியாமைக்கு அங்கே வெட்கப்பட நேரம் தரப்படுவதில்லை என்பது இந்த வேகத்தின் பெரிய கருணை.

எட்டு மணிக்கு ஒன்லி கனெக்ட். இம்மூன்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுவே. ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மூன்று பேர் கொண்ட இரண்டு அணிகள் எதிரெதிரே அமர்கின்றன. முதல் சுற்றில், தொடர்பில்லாதவை போலத் தோன்றும் நான்கு குறிப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் வருகின்றன. அவற்றை இணைப்பது எது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு குறிப்பைப் பார்த்துச் சொன்னால் 5 புள்ளிகள், இரண்டில் சொன்னால் 3, மூன்றில் 2, நான்கையும் பார்த்த பின் 1. இரண்டாம் சுற்றில் குறிப்புகள் ஒரு வரிசையாக வருகின்றன. நான்காவதாக வரவேண்டியது எது என்பதே கேள்வி. 'குறிஞ்சி, முல்லை, மருதம்' என்று வந்தால் 'நெய்தல்' என்று நாம் சொல்லிவிடுவோம் அல்லவா? அவ்வளவு எளிதாக அங்கே எதுவும் வராது. ஆனால் ஒழுங்கு ஒன்று கண்ணுக்குப் புலப்படும் அந்தக் கணத்தின் இன்பம் இதுவேதான்.

மூன்றாம் சுற்றாகிய 'சுவர்' இந்த நிகழ்ச்சியின் உச்சம். திரையில் 16 சொற்கள் கலந்து கிடக்கின்றன. இரண்டரை நிமிடத்துக்குள் அவற்றை நான்கு நான்காகப் பிரித்து நான்கு குழுக்களாக்க வேண்டும். ஒரு சொல் இரண்டு மூன்று குழுக்களுக்குப் பொருந்துவது போல நிற்கும். ஆனால் எல்லாச் சொற்களும் தத்தம் இடத்தில் அமரும் வழி ஒன்றே ஒன்றுதான் உண்டு. தமிழில் இத்தகைய சுவர் ஒன்றை அமைத்துப் பார்த்தால் அதன் தந்திரம் விளங்கும். கிழமைகள், உலோகங்கள், நிலவின் பெயர்கள், அறிவைக் குறிக்கும் சொற்கள் என நான்கு குழுக்கள் என்று வைத்துக்கொள்வோம். 'வெள்ளி' கிழமையா, உலோகமா? 'திங்கள்' கிழமையா, நிலவா? 'மதி' நிலவா, அறிவா? 'வெள்ளி'யை அவசரப்பட்டுக் கிழமையில் வைத்துவிட்டால் உலோகக் குழுவில் ஓர் இடம் காலியாகி, மற்ற மூன்று குழுக்களும் குலைந்துபோகும். கேள்வி எழுதுபவர் அந்த அவசரத்தை முன்கூட்டியே கணித்து வைத்திருக்கிறார். இங்கே சோதிக்கப்படுவது எவ்வளவு தெரியும் என்பது மட்டுமன்று. தெரிந்ததை வேறு ஒரு கோணத்தில் திருப்பிப் பார்க்க மனம் இசைகிறதா என்பதும்தான். கடைசிச் சுற்றில் உயிரெழுத்துகளை நீக்கி, மீதமுள்ள மெய்யெழுத்துகளை வரிசை மாற்றாமல், இடைவெளிகளை மட்டும் மாற்றிப் பிரித்து எழுதிக் காட்டுகிறார்கள். உயிரும் மெய்யும் ஒட்டியே நிற்கும் நம் எழுத்தில் அந்தச் சுற்றை அப்படியே நடத்த இயலாது என்பதை ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொள்கிறேன்.

விக்டோரியா கோரன் மிட்செல் 2008இல் தொடங்கிய நாளிலிருந்து இதை நடத்துகிறார். எழுத்தாளர், ஐரோப்பிய போக்கர் சுற்றுப்போட்டியில் இரண்டு முறை வென்ற முதல் ஆள் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. சீட்டாட்ட மேசையில் எதிரே இருப்பவரின் முகத்தைப் படித்துப் பழகியவர் என்பது அவர் அணிகளை நடத்தும் விதத்தில் தெரிகிறது. ஓர் அணி தவறான பாதையில் வெகுதூரம் போய்விட்டது என்பதை அவர் அறிவார். ஆயினும் முகத்தில் காட்டிக்கொடுக்க மாட்டார். விடை வெளிப்பட்ட பின், அந்த அணி ஏன் அப்படி நினைத்தது என்று கேட்டு அவர்களுடைய சிந்தனை வழியை நம் முன் விரித்துக் காட்டுகிறார். தவறான விடைக்கும் ஒரு தர்க்கம் உண்டு என்பதை ஏற்று, அதைக் கேட்க நேரம் ஒதுக்கும் நிகழ்ச்சி இது. கேள்விகளைத் தேர்ந்தெடுக்க எகிப்தியச் சித்திர எழுத்துகள் ஆறு திரையில் நிற்கின்றன: இரட்டை நாணல், சிங்கம், முறுக்கிய ஆளிநார், கொம்பு விரியன், நீர், ஹோரஸின் கண். முதல் மூன்று பருவங்களில் கிரேக்க எழுத்துகள் இருந்தன. 'கொம்பு விரியனைத் தருகிறீர்களா' என்று அணித்தலைவர் கேட்கும்போது, எண்களை வைத்திருந்தால் இருந்திருக்கக்கூடிய வறட்சி நீங்கிவிடுகிறது. வீண் அலங்காரம் என்று இதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இது விருந்தினரை நல்ல பாத்திரத்தில் உபசரிப்பது போன்றது.

சென்ற திங்களன்று சுவரில் ஒரு குழுவை அணிகளுக்கு முன்பே நான் கண்டுகொண்டேன். வீட்டில் மற்றவர்கள் இன்னொரு குழுவுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த அரை மணி நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் கைப்பேசியைத் தொடுவதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். விதி எதுவும் போடாமலே அது நிகழ்கிறது. குறிப்பிட்ட நேரத்தில், நாடு முழுவதும் பல வீடுகளில் ஒரே புதிர் ஒரே நொடியில் அவிழ்வதில் ஒரு தோழமை இருக்கிறது. பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் எந்த நாளும் இதைப் பார்க்கலாம்; பார்த்தும் இருக்கிறேன். தனியாக, நிறுத்தி நிறுத்தி, கடிகாரத்தை முடக்கிப் பார்க்கும்போது அது நல்ல புதிராகவே இருக்கிறது. ஆனால் இரண்டரை நிமிடம் என்ற வரம்பை எல்லோரும் சேர்ந்து தாங்கிக்கொள்ளும் உணர்வு கிடைப்பதில்லை.

எட்டரை மணிக்கு யுனிவர்சிட்டி சேலஞ்ச். அதே நேரத்தில் ஐடிவியில், 1960 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொடரைப் பெருந்திரளானவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவின் காலேஜ் போல் என்ற போட்டியைப் பின்பற்றி, 1962 செப்டம்பரில் கிரனாடா நிறுவனம் இந்தப் பல்கலைக்கழகப் போட்டியை ஐடிவிக்காகத் தொடங்கியது. நான்கு மாணவர்கள் கொண்ட இரண்டு அணிகள் மோதுகின்றன. முதல் கேள்விக்கு 10 புள்ளிகள். அதற்குத் தனியாகவே பஸரை அழுத்தி விடை சொல்ல வேண்டும். கேள்வி முடியும் முன் குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் 5 புள்ளிகள் கழியும். சரியாகச் சொன்ன அணிக்கு, ஒரே பொருளைப் பற்றிய மூன்று துணைக்கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளிகள். அவற்றுக்கு நால்வரும் கலந்து பேசலாம். திரையில் ஓர் அணி மற்றோர் அணியின் தலைக்கு மேல் அமர்ந்திருப்பது போலத் தோன்றும். உண்மையில் இரு அணிகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் அமர்ந்திருக்கின்றன.

இங்கே கேள்விகள் வேதியியலிலிருந்து பைசாந்தியப் பேரரசுக்கும், அங்கிருந்து ஓர் இசைத்துணுக்குக்கும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தாவுகின்றன. பெரும்பாலான கேள்விகளுக்கு எனக்கு விடை தெரியாது. ஆனால் துணைக்கேள்விகளின்போது நால்வரும் தலையை நெருக்கி வைத்துக் கிசுகிசுப்பதைக் கேட்பதில் எனக்கு ஆர்வம் மிகுதி. இயற்பியல் படிக்கும் ஒருவர் ஓர் ஓவியரின் பெயரைத் தயக்கத்தோடு சொல்கிறார். வரலாறு படிக்கும் மற்றொருவர் அதை மறுக்காமல் காலத்தைக் கணக்கிட்டுச் சரிபார்க்கிறார். அணித்தலைவர் யாரை நம்புவது என்று முடிவு செய்கிறார். இருபது வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் நம்புவதையும், நம்பித் தோற்றபின் குறைகூறாமல் அடுத்த கேள்விக்குத் திரும்புவதையும் காட்டும் அரை மணி நேரம் இது.

பாம்பர் காஸ்கொய்ன் முதல் 25 ஆண்டுகள் இதை மிகுந்த பண்போடு நடத்தினார். 1994 முதல் 2023 வரை நடத்திய ஜெரமி பாக்ஸ்மன், அரசியல்வாதிகளை நேர்காணலில் மடக்கிப் பெயர்பெற்றவர். மாணவரின் விடை மிகவும் தவறிவிட்டால் அவருடைய குரலில் ஏறும் வியப்பும் ஏளனமும் பலருக்குப் பிடித்திருந்தன. எனக்கு அவை உறுத்தலாகவே இருந்தன. அத்தனை பேர் முன்னிலையில் துணிந்து விடை சொன்ன ஓர் இளைஞரிடம் ஏளனத்தைக் காட்டுவதில் என்ன பெருமை? 2023இல் பொறுப்பேற்ற அமோல் ராஜன் கல்கத்தாவில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் லண்டனுக்கு வந்து, டூட்டிங் பகுதியில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்தவர். நல்ல விடையைக் கேட்டால் அவர் முகம் மலர்கிறது. கடினமான கேள்விக்கு விடை வந்தால் மனம் திறந்து பாராட்டுகிறார். வேகமாகப் பேசுகிறார், பாராட்டு மிகுதி என்ற குறைகளை இங்கே அடிக்கடி கேட்கிறேன். மாணவர்களின் வெற்றியில் மகிழும் ஒருவரை அந்த மேசையில் காண்பதை நான் பெரிதும் விரும்புகிறேன்.

ஆனால் இந்த நிகழ்ச்சியில் ஓர் அநீதி இருக்கிறது. அதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி அணியை அனுப்பலாம். பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் மான்செஸ்டர் போன்ற பல்கலைக்கழகம் ஒரே ஓர் அணியைத்தான் அனுப்பலாம். 1975இல் மான்செஸ்டர் அணி இதை எதிர்த்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி, சே குவேரா என்று புரட்சியாளர்களின் பெயர்களையே விடையாகச் சொன்னது. அரை நூற்றாண்டு கடந்தும் விதி மாறவில்லை. பின்னாளில் மான்செஸ்டர் நான்கு முறை கோப்பையை வென்றது என்பதும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களின் ஓபன் யுனிவர்சிட்டி 1999இலும், மாலை வகுப்புகளுக்குப் பெயர்பெற்ற பர்க்பெக் 2003இலும் வென்றன என்பதும் எனக்கு நிறைவு தருகின்றன. ஆயினும் வெற்றி கிடைத்தது என்பதற்காக விதி நியாயமாகிவிடாது. பெண்கள் அணிகளில் இன்னும் குறைவாகவே இருப்பதும், இருக்கும் பெண்களின் அறிவை விட்டுவிட்டு அவர்களுடைய தோற்றத்தையும் தோரணையையும் பற்றிச் சில இதழ்கள் எழுதுவதும் எனக்குச் சினமூட்டுகின்றன. 2009இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஓர் அணித்தலைவி தமக்கு விடை தெரிந்த ஒரே காரணத்துக்காக அவ்வாறு எழுத்தில் துன்புறுத்தப்பட்டார். அதே மேசையில் அதே போல விடை சொன்ன ஆண்களை யாரும் கர்வம் பிடித்தவர்கள் என்று எழுதவில்லை.

இம்மூன்று நிகழ்ச்சிகளும் நிலைத்த கதையை இனிச் சொல்ல வேண்டும். ஏனெனில் என் கவலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாஸ்டர்மைண்ட் முதலில் பின்னிரவில் ஒளிபரப்பப்பட்டது. இத்தனை கடினமான நிகழ்ச்சியைப் பலர் பார்க்க மாட்டார்கள் என்றே கருதினார்கள். 1973இல், பார்வையாளர்களின் புகார்களால் ஒரு நகைச்சுவைத் தொடர் அதன் நேரத்திலிருந்து அகற்றப்பட, அந்த இடத்தை நிரப்ப இதை முன்னிரவுக்குக் கொண்டுவந்தார்கள். நாடே பார்க்கத் தொடங்கியது. யுனிவர்சிட்டி சேலஞ்சை 1987இல் ஐடிவி கைவிட்டது. 1992இன் இறுதியில் பிபிசி டூ ஒரு சிறப்பு மாலைக்காக ஒரே ஒரு பதிப்பை நடத்தியது. அது பெற்ற வரவேற்பின் பின்னரே 1994இல் முழுத் தொடராக மீண்டும் வந்தது. ஒன்லி கனெக்ட் 2008இல் பிறந்தது பிபிசி ஃபோரில். 2002இல் தொடங்கப்பட்ட அந்தச் சிறிய அலைவரிசையில், ஒரு சிலர் பார்த்தாலும் போதும் என்ற எண்ணத்தோடு நிகழ்ச்சிகளை முயன்று பார்த்தார்கள். அங்கே ஆறு ஆண்டுகள் வளர்ந்த பிறகுதான் 2014இல் ஒன்லி கனெக்ட் பிபிசி டூவுக்கு வந்தது. கொம்பு விரியனையும் ஹோரஸின் கண்ணையும் முதல் வாரத்திலேயே பெரிய அலைவரிசையில் வைத்து, மறுநாள் காலையில் பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்டிருந்தால், அந்த நிகழ்ச்சி இன்று இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

அந்த பிபிசி ஃபோர் இப்போது பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகளையே மறு ஒளிபரப்புச் செய்கிறது. புதியவற்றுக்கான செலவைக் குறைத்து அதைப் பழைய பதிவுகளின் அலைவரிசையாக்குவது என்று 2021இல் அறிவித்தார்கள். 2022 மே மாதத்தில், வரும் ஆண்டுகளில் அதன் வழக்கமான ஒளிபரப்பையே நிறுத்தும் திட்டத்தையும் சொன்னார்கள். பணம் இல்லை என்பது காரணம். அதில் பொய் இல்லை. பிபிசியை நடத்துவதற்காக வீடுகள் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டாக உயர்ந்தது. உயர்வுக்கு முன்பே அது பல குடும்பங்களுக்குச் சுமையாக இருந்தது. பிபிசி இயங்குவதற்கு அடிப்படையான இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் இறுதியில் முடிகிறது. அதன்பின் இந்தக் கட்டணம் எந்த வடிவில் இருக்கும், விளம்பரம் நுழையுமா, சந்தா முறை வருமா என்ற விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த விவாதத்தில் பெரிய நாடகத் தொடர்களைப் பற்றியும் செய்திப் பிரிவைப் பற்றியும் விளையாட்டு உரிமைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். திங்கட்கிழமை மாலையின் இந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விளம்பரம் வந்தால் முதலில் குலைவது இந்த நிகழ்ச்சிகளின் வேகமே; சுவரின் இரண்டரை நிமிடத்துக்கு முன்னும் பின்னும் கார் விளம்பரம் வந்தால் அது வேறு நிகழ்ச்சியாகிவிடும். சந்தா முறை வந்தால், காசு கொடுக்க முடிந்தவரின் வீட்டில் மட்டும் அந்தக் கறுப்பு நாற்காலி இருக்கும். ரயில் ஓட்டுநரை வெற்றியாளராகக் கண்ட ஒரு நிகழ்ச்சிக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. ஆகவே கட்டணம் சுமையாக இருந்தாலும், வருமானத்துக்கேற்ப அதைக் குறைத்தாவது எல்லோருக்கும் பொதுவாக வைத்திருப்பதே சரி என்பது என் நிலைப்பாடு.

அதோடு ஒன்று கேட்பேன். பிபிசி ஃபோரின் ஒளிபரப்பு நிறுத்தப்படும் நாள் வந்தால், அது செய்துவந்த ஒரு வேலையை மட்டும் பிபிசி டூ ஏற்றுக்கொள்ள வேண்டும்: வாரத்தில் ஓர் அரை மணி நேரத்தை, இதுவரை யாரும் முயலாத ஒரு வினாடி வினாவுக்கோ அறிவு நிகழ்ச்சிக்கோ ஒதுக்கி, குறைந்தது மூன்று பருவங்களுக்குப் பார்வையாளர் எண்ணிக்கையைக் காரணம் காட்டி நீக்காமல் வைத்திருக்க வேண்டும். பெரிய அரங்கும் புகழ்பெற்ற முகமும் தேவையில்லை. இரண்டு மேசைகள், பொறுமையான ஒரு நெறியாளர், கேள்விகளை உழைத்து எழுதும் ஒரு சிலர் இருந்தால் போதும். அது தோற்றுப்போனால் ஆகும் செலவு, ஒரு நாடகத் தொடரின் ஓர் அத்தியாயத்துக்கு ஆகும் செலவை எட்டாது.